நெமி ஏரி: அப்பாவும் ஒரு சுரங்கமும்

முதல் நாள், வெள்ளிக்கிழமை

அப்பா இத்தாலிக்கு வந்து பதினாறு நாளாகிறது. கொலோசியம் காட்டியாயிற்று, வாடிகன் காட்டியாயிற்று. எதைக் காட்டினாலும் "நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருஷம் ஏரிக்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் நடந்தவர். பளிங்குத் தூண்கள் அவரை அசைக்காது.

மிச்சமிருக்கும் நாலு நாளுக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது, ரோமுக்குத் தென்கிழக்கே எரிமலைவாயில் ஓர் ஏரி இருக்கிறது, கலிகுலா என்ற பேரரசன் அதில் அரண்மனை மாதிரி இரண்டு கப்பல் மிதக்க விட்டிருந்தான் என்று ஆரம்பித்தேன். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. அந்த ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு கிடையாது, அதனால் மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகத் தண்ணீரை வெளியே விட்டிருக்கிறார்கள், அதுவும் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே என்றேன்.

"எத்தனை மீட்டர்?" என்றார்.

"1,650 சொச்சம்பா."

பையைக் கட்டிவிட்டோம்.

ரோமிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். மெட்ரோவில் அனஞீனா வரை போய், அங்கிருந்து பேருந்து. பேருந்து ஐம்பது நிமிஷம் தாமதம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. டிக்கெட்டை முன்னாடியே சிகரெட் கடையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெருமையில் அரை மணி நேரத்தை ஓட்டினேன்.

தங்கியிருப்பது ஜென்சானோவில், எரிமலைவாயின் தென்மேற்கு விளிம்பில். இந்த ஊர் இரண்டு விஷயத்துக்குப் பேர்போனது. ஒன்று, ஜூன் வாக்கில் ஒரு தெரு முழுக்கப் பூவிதழால் கோலம் போடும் திருவிழா, 1778இல் தொடங்கியது. நாங்கள் வந்திருப்பது அக்டோபர் கடைசி, ஆகவே வெறும் தெருவைத்தான் பார்த்தோம். இன்னொன்று ரொட்டி. மேலோடு கருகினாற்போல் பழுப்பு, அதன்மேல் தவிடு தூவியிருக்கும், உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி. அப்பா ஒரு துண்டு பிய்த்து முகர்ந்து பார்த்து, "விறகடுப்பு" என்றார். சரியாகச் சொன்னார். கஷ்கொட்டை விறகில் சுடுவதுதான் இந்த ஊர் வழக்கம்.

இருட்டிவிட்டது. ஏரியை இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள், சனிக்கிழமை

காலையில் ஜன்னலைத் திறந்தால் அப்போதும் ஏரியைக் காணோம். எரிமலைவாய் விளிம்பு வரை மூடுபனி தட்டையாக, உறை குத்தி வைத்த சட்டி மாதிரி நின்றிருந்தது. ஒன்பதரைக்கு மேல் சூரியன் ஏற ஏற நடுவில் ஓட்டை விழுந்து, அதன் வழியாகக் கரும்பச்சையாக ஒரு துண்டு தண்ணீர் தெரிந்தது. காற்றே இல்லை. எதிர்க்கரையில் நெமி ஊர் பாறை உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதே ஊர் தண்ணீருக்குள் தலைகீழாகவும். இந்த ஏரிக்கு ரோமானியர் வைத்த பெயர் டயானா தேவியின் கண்ணாடி. இதற்கு வேறு பேர் வைத்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆல்பன் மலைகள் என்று சொல்லப்படும் இந்த வட்டாரம் மொத்தமுமே ஒரு பழைய எரிமலை. உச்சி சரிந்து அடங்கிய பிறகு, கீழேயிருந்து ஏறிய தீக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்ட இடங்களில் நீராவி வெடித்துக் குழிகள் விழுந்தன. அப்படி அடுத்தடுத்து விழுந்த இரண்டு குழிகள் ஒன்றானதுதான் நெமி. பரப்பு 1.67 சதுர கிலோமீட்டர், ஆழம் 33 மீட்டர் அளவில். சுற்றி நடந்தால் அரை நாள் போதும். எங்களுக்கு முழு நாள் ஆனது. காரணம் அப்பா.

இறங்கும் பாதையில் கஷ்கொட்டைக் காடு. இலைகள் பாதி மஞ்சள், பாதி தரையில். காய்கள் முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி வெடித்துக் கிடக்கின்றன. செருப்புப் போட்டு நடந்தால் தெரியும் சேதி. மரத்தடியில் சின்ன ஊதா நிறப் பூக்கள், இலையுதிர் காலத்தில் பூக்கும் சைக்ளமென். ரோமாபுரிக்காரர்கள் இந்த இளவெயில் அக்டோபர் நாட்களை ஒத்தோப்ராத்தா என்பார்கள். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும் வெயில். நிழலுக்குள் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளும் குளிர்.

இந்தச் சரிவுகளில் ரோமானியர் போட்ட சாலையின் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. கருப்புக் கருங்கல், ஐந்து மூலை ஆறு மூலையாக உடைத்து, கத்தி நுனி நுழையாதபடி சேர்த்தது. அப்படி ஒரு துண்டு தென்பட்டதும் அப்பா அதில் குந்தி உட்கார்ந்துவிட்டார். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சரிவு, ஓரத்தில் நிற்கிற கல். "மழைத்தண்ணி நிக்காம ஓடணும்ல" என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பின்னால் வந்த இரண்டு ஜெர்மன்காரர்கள் ஏதோ கீழே விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

சுரங்கத்தின் வாய் மேற்குக் கரையில் இருக்கிறது. நான் எதிர்பார்த்தது ஏதோ தோரணவாயில். இருப்பது செடிகொடிக்குள் ஒரு தாழ்ந்த கல்வாய், அதில் இரும்புக் கதவு, கதவில் பூட்டு. குகை ஆய்வுக் குழுக்களோடு ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தால் உள்ளே போகலாமாம். அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

கம்பியில் முகத்தை வைத்தால் உள்ளேயிருந்து குளிர்ந்த, மண் வாசனைக் காற்று வருகிறது. போன் வெளிச்சத்தை நீட்டிப் பிடித்தேன். சுவர் முழுக்க உளிக் கீறல், சாய்வாக, ஒரே திசையில், வரிசை வரிசையாக. வெளிச்சம் போய்ச் சேர்ந்த மட்டும் அதேதான். ஓர் ஆள் ஒடுங்கித்தான் போக முடியும். அப்படியென்றால் முன்னால் நின்று பாறையைக் கொத்துவதற்கும் ஒரு நேரத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம்.

"இந்தப் பக்கத்துலேர்ந்து மட்டுமா தோண்டினாங்க?"

"இல்லப்பா. ரெண்டு பக்கமும். மலைக்கு அந்தாண்டை அரிச்சா பள்ளத்தாக்கு இருக்கு. அங்கேர்ந்தும் ஒரு கூட்டம் தோண்டிக்கிட்டு வந்திருக்கு."

"லெவல் எதை வச்சு எடுத்தான்? டம்பி லெவலா வச்சிருந்தான்?"

டம்பி லெவல் என்பது அவர் வேலையில் மட்டம் பார்க்கும் கருவி. எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்திருந்தது ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது: இரண்டு கூட்டமும் மலைக்கு நடுவில் சந்தித்தபோது சரியாக ஒட்டவில்லை, மட்டம் கொஞ்சம் பிசகியிருந்தது, அந்தப் பிசகு இன்றும் உள்ளே தெரிகிறது. பதினாறு நாளில் முதல் தடவையாக அப்பா முகம் மலர்ந்தது. "பின்னே, பிசகாம எப்படி இருக்கும்?" என்றார், சொந்தக்காரனின் குறும்பைக் கேட்ட மாதிரி.

எதற்காக இவ்வளவு பாடு? எரிமலைக் குழியில் விழுகிற மழைக்கு வேறு போக்கிடம் இல்லை. மட்டம் ஏறினால் வடகரையில் இருந்த டயானா கோவிலுக்கு ஆபத்து. தண்ணீரை அந்தப் பக்கம் விட்டால் பள்ளத்தாக்கில் வெள்ளாமை. கோவிலையும் காப்பாற்றி வயலையும் நனைத்த வேலை. அப்பா இதைக் கலிங்கு என்பதா மதகு என்பதா என்று கொஞ்ச நேரம் தனக்குத்தானே வாதாடி, இரண்டும்தான் என்று முடித்தார்.

இந்தப் பக்கத்துக் கரையிலேயே ஒரு பெரிய ரோமானிய மாளிகையின் அடித்தளத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஜூலியஸ் சீசர் நெமியில் பெரும் செலவில் ஒரு மாளிகை கட்டச் சொல்லி, முடிந்ததும் மனசுக்குப் பிடிக்கவில்லை என்று மொத்தமாக இடித்துவிட்டான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவேத்தோனியுஸ் எழுதியிருக்கிறார். அந்த மாளிகை நின்ற இடம் இதுவாக இருக்கலாம் என்று ஒரு கருத்து. "காண்ட்ராக்டருக்குப் பில் பாஸ் ஆச்சா?" என்று கேட்டார் அப்பா.

கரையோடு வடக்கே நடந்தோம். வடகரை தட்டையான நிலம். ஸ்ட்ராபெரியும் பூச்செடிகளும் வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். அங்கேதான் கப்பல் மியூசியம். அருகருகே இரண்டு பிரம்மாண்டக் கூடங்கள், விமானக் கொட்டகை மாதிரி. கப்பலுக்கென்றே அளவெடுத்துக் கட்டியவை. உள்ளே கப்பல் இல்லை.

கதையை நிதானமாகச் சொல்லியாக வேண்டும். கலிகுலா ஆண்டது கி.பி. 37 முதல் 41 வரை. அந்த நாலு வருஷத்துக்குள் இந்தச் சின்ன ஏரியில், கடலுக்குப் போக வழியே இல்லாத தண்ணீரில், 70 மீட்டருக்கு மேல் நீளமான இரண்டு கப்பல்கள். தரையில் மொசைக், பளிங்கு, குழாய்த் தண்ணீர். அவன் கொலையானதும் அவை மூழ்கின. மீனவர்களுக்கு அடியில் மரம் இருப்பது எப்போதும் தெரியும். 1446 வாக்கில் அல்பெர்த்தி என்ற கட்டடக்கலைஞர் ஜெனோவாவிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்துக் கொக்கி போட்டு இழுத்தார்; பலகைதான் பிய்ந்து வந்தது. 1535இல் தலையில் மணி மாதிரி ஒரு கூண்டைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் இறங்கிப் பார்த்தார். 1895இல் ஒரு பழம்பொருள் வியாபாரி வெண்கலத்தில் வார்த்த சிங்கம், ஓநாய், மெதூசா தலைகளை எடுத்தார். கூடவே ஏராளமான மரத்தையும் பிடுங்கிப் போட்டார். அந்தத் தலைகள் இப்போது ரோமில் இருக்கின்றன. போன வாரம் அந்த மியூசியத்துக்குத்தான் போனோம். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் முசோலினி காலத்தில், கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்குவதற்குப் பதில் கப்பலிடமிருந்து தண்ணீரைத் தூக்கிவிடுவது என்று முடிவானது. 1928 அக்டோபர் 20 அன்று பம்பு ஓடத் தொடங்கியது. ஏரித் தண்ணீரை மேலே இறைத்து எங்கே விட்டார்கள் தெரியுமா? காலையில் நாங்கள் முகம் வைத்துப் பார்த்த அதே சுரங்கத்தில். தூர் வாரினார்கள், ஓடியது.

சுவரில் இருந்த படத்தின் கீழே இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எவ்வளவு தண்ணி?"

"4 கோடி கன மீட்டருக்கு மேல."

உதடு அசைந்தது. "ஒண்ணு புள்ளி நாலு டி.எம்.சி. அந்தப் பொந்து வழியாவா!"

மட்டம் 20 மீட்டருக்கு மேல் இறங்கியது. 1929 மார்ச் 28 அன்று முதல் கப்பல் சேற்றிலிருந்து தலைகாட்டியது. 1931 ஆகஸ்டில் ஏரியடியிலிருந்து 5 லட்சம் கன மீட்டர் சேறு பீறிட்டுக் கிளம்பி, 30 ஹெக்டேர் படுகை அப்படியே அமுங்கியது. மேலே இருந்த தண்ணீரின் பாரத்தை எடுத்துவிட்டால் அடியில் இருப்பது சும்மா இருக்குமா என்றார் அப்பா. வேலை நின்று, தண்ணீர் மறுபடி ஏறி, திரும்ப இறைத்து, இரண்டாவது கப்பல் கரையேறியது 1932 அக்டோபரில்.

வெளியே வந்தவை பகட்டு மட்டும் அல்ல. அடிப்பகுதி முழுக்கத் தாரில் தோய்த்த கம்பளி, அதற்கு மேல் ஈயத் தகடு. சுழலும் மேடை ஒன்றுக்கு அடியில் வெண்கல உருண்டைகள், இன்றைய பால் பேரிங்கின் தாத்தா. நங்கூரத்தில் ஒன்று, குறுக்குத்தண்டு கழன்று வரும் வகை. அதை ஐரோப்பா நவீன காலத்தில் புதுசாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது. ஈயக் குழாயில் கலிகுலாவின் பெயர் பொறித்திருந்தது. கப்பல் யாருடையது என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

1940இல் மியூசியம் திறந்தது. 1944 மே 31 இரவு எரிந்தது. போர் இந்த மலைகள் வழியாக ரோமை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வாரம். பின்வாங்கிய ஜெர்மன் படையினர் கொளுத்தினார்கள் என்றது இத்தாலிய விசாரணை. நேசப் படைகளின் குண்டில் பற்றியது என்பாரும் உண்டு. வழக்கு இன்றும் பேச்சளவில் நடக்கிறது. தண்ணீருக்குள் 1,900 வருஷம் கிடந்த மரம், கரையில் பதினைந்து வருஷம் தாக்குப்பிடிக்கவில்லை.

இப்போது கூடத்தின் நடுவில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரிகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி அந்த வெற்றுத் தரை. கப்பலைப் பார்க்க வேண்டியதில்லை, கப்பல் இருந்திருக்க வேண்டிய காலி இடமே அளவைச் சொல்லிவிடுகிறது. அப்பா ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எட்டுப் போட்டு அளந்தார். ஒரு மூலையில் பச்சை, சிவப்புக் கல் பதித்த சதுர மொசைக் துண்டு. இது நியூயார்க்கில் ஒரு வீட்டில் காபி டேபிளாக இருந்து, 2017இல் மீட்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதன் ஓரத்தில் காபி கறை தெரிகிறதா என்று நான் தேடியதை ஒப்புக்கொள்கிறேன்.

மியூசியத்துக்கு மேலே சரிவில் டயானா கோவிலின் மிச்சம்: மலையைத் தாங்கி நிற்கும் பெரிய மாடக்குழிகள், கொடி படர்ந்து. காட்டுக்கும் வேட்டைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தெய்வம். ஆகஸ்ட் 13இல் பெண்கள் தீப்பந்தம் ஏந்தி வருவார்கள். வேண்டுதல் பலித்தால் சுட்டமண்ணில் கை, கால், கருப்பை செய்து வைப்பார்கள். உருவாரம்தான், வேறென்ன சொல்வது. 1885இல் ரோமில் இருந்த பிரிட்டிஷ் தூதர் இங்கே தோண்டியதில் கிடைத்தவற்றில் நிறைய, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமுக்குப் போய்விட்டன.

இந்தக் கோவில் பூசாரிக்குத் தோப்பின் அரசன் என்று பட்டம். அவன் ஓடிவந்த அடிமையாக இருக்க வேண்டும். தோப்பில் குறிப்பிட்ட மரத்தின் கிளையை ஒடித்து, இருக்கிற பூசாரியோடு சண்டை போட்டுக் கொன்றால் பதவி. அதன் பிறகு தன்னைக் கொல்ல வருகிறவனுக்காக உருவிய வாளோடு இரவு பகலாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. ஒரு பூசாரி ரொம்ப வருஷமாகப் பதவியில் இருக்கிறான் என்று கலிகுலா அவனைவிடப் பலசாலி ஒருவனை ஏவிவிட்டானாம்; இதுவும் சுவேத்தோனியுஸ் சொன்னதுதான். சாயங்கால நிழல் விழுந்த அந்த மாடங்களுக்கு முன்னால் இதைச் சொன்னபோது எனக்கே முதுகு கொஞ்சம் கூசியது. காய்ந்த இலையில் ஏதோ சரசரத்தது. பூனை.

கிழக்குக் கரையில் பாதை குறுகி, பாறைக்கு அடியில் மரவேர் மேல் ஏறி இறங்குகிறது. பேச்சு இல்லாமல் நடந்தோம். ஜென்சானோ ஏற்றத்தில் அப்பாவின் முழங்கால் முரண்டு பிடித்தது. மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். மூன்றாவது இடத்தில் ஒரு பெரியவர் ஓட்டை போட்ட சட்டியில் கஷ்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார். காகிதப் பொட்டலத்தில் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அப்பா தமிழில் நன்றி சொன்னார். அவர் இத்தாலியனில் ஏதோ நீளமாகப் பதில் சொன்னார். இருவருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். போன் தானாக மாறிக்கொண்டது. அப்பாவின் எச்.எம்.டி. கைக்கடிகாரம் மாறவில்லை. "எட்டாயிடுச்சு, எழுந்திரு" என்று ஏழு மணிக்கு எழுப்பி, பேருந்து நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். நான் போனைப் பார்த்திருக்கலாம். அப்பா சொன்னால் அது மணி என்ற பழைய பழக்கம்.

நெமி ஊரைச் சுற்ற ஒரு மணி நேரம் தாராளம். ஒரு கோபுரம், ஒரு தெரு, தெரு முழுக்க ஸ்ட்ராபெரி. காட்டு ஸ்ட்ராபெரி சுண்டைக்காய் அளவுதான் இருக்கும்; கிரீம் மேல் அடுக்கிய சின்ன அப்பத்தில் விற்கிறார்கள். சீசன் ஜூன் என்றாலும் இப்போதும் கிடைத்தது. விலை அதிகம், வாசனை அதைவிட அதிகம். கூட்டமும் அதிகம், ரோமே இங்கே மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. முனையிலிருந்து கீழே பார்த்தால் நேற்று நடந்த வட்டம் முழுசாகத் தெரிகிறது. மியூசியத்தின் இரண்டு கூரைகளும் தீப்பெட்டி அளவு.

அப்பா பார்த்தது எதிர்க் கரையை. சுரங்க வாய் இருக்கும் இடத்தைக் கையால் காட்டி, அதற்குப் பின்னால் மலை எவ்வளவு தடிமன் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

மோந்தே காவோ உச்சிக்கு (949 மீட்டர்) ரோமானியச் சாலையில் ஏறுவதாகத் திட்டம். முழங்கால் காரணமாகக் கைவிட்டோம். மத்தியானம் தூங்கினோம்.

நான்காம் நாள், திங்கட்கிழமை

ஊருக்குத் திரும்பும் வழியில் கஸ்தெல் கந்தொல்ஃபோ. போப்பாண்டவர்களின் கோடை மாளிகை இருக்கும் ஊர். அதற்குக் கீழே அல்பானோ ஏரி, நெமியின் அண்ணன்; ஆழம் 170 மீட்டர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் படகுப் போட்டி நடந்தது இதில்தான். மாளிகைக்குள் போகலாமா என்று கேட்டேன். "இங்கேயும் சுரங்கம் உண்டுன்னு சொன்னியே" என்றார் அப்பா.

உண்டு. சுமார் 1,400 மீட்டர். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேயி நகரத்தை ரோமானியர் முற்றுகையிட்டிருந்தபோது ஏரி காரணமில்லாமல் பொங்கியது, தண்ணீரை வெளியேற்றினால்தான் வெற்றி என்று குறி சொல்லப்பட்டது, உடனே தோண்டினார்கள் என்பது ஐதிகம். கரைக்கு இறங்கினோம். அகலமான கூழாங்கல் மேடு, அதற்கப்புறம் தண்ணீர். சுரங்க வாய்க்குப் பக்கத்தில் போக வழியில்லை, அடைத்திருக்கிறார்கள். ஆனால் எதற்கும் பக்கத்தில் போகத் தேவையில்லை. தண்ணீர் மட்டம் வாயைவிட வெகு கீழே இருக்கிறது. சுற்றிலும் ஊர்கள் பெருத்து, ஆழ்துளைக் கிணறுகள் இறங்கி, சில பத்து வருஷங்களில் ஏரி பல மீட்டர் வற்றிவிட்டது. உபரி நீருக்காக வெட்டிய வழி, வேலையில்லாமல் நிற்கிறது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழைய தண்ணீர்க் கோடு எதுவரை இருந்தது என்று பாறையில் தேடினார், ஓர் இடத்தில் கை வைத்துக் காட்டினார். குனிந்து சாம்பல் நிறக் கல் துண்டு ஒன்றை எடுத்தார், கரும்புள்ளி தெறித்தது. பேப்பெரினோ; இந்த எரிமலையின் சாம்பல் இறுகிய கல், மிளகு தூவிய மாதிரி இருப்பதால் அந்தப் பெயர் என்றேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரயிலில் என் பேனாவை வாங்கி, பழைய பேருந்து டிக்கெட்டின் பின்னால் கோடு போட ஆரம்பித்தார். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, நடுவே மலை, மலைக்குள் இரண்டு பக்கமிருந்தும் வரும் இரண்டு கோடுகள். நடுவில் அவை சேரும் இடத்தில் சின்னதாக ஒரு படி வைத்தார்.

"இதைத் தோண்டினவன் பேரு எங்கேயும் எழுதலையா?"

"நான் படிச்ச வரைக்கும் இல்லப்பா."

ரோம் வந்துவிட்டது. டிக்கெட்டை மடித்துக் கல்லோடு சேர்த்து வைத்துக்கொண்டே, "அடுத்த தடவை நான் வர்றதுக்குள்ள அந்தப் பூட்டுக்குச் சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டு வை" என்றார்.